பனியில் நானூறு குப்பிகள்

ஜனவரியில், வடகோடியிலிருக்கும் தார்த்து நகரத்தில் பொழுது விடிவதற்கு ஒன்பது மணியாகிறது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் மாரிகா, உறைபெட்டி வாய்பிளந்து நிற்பதையும் அதனடியில் தண்ணீர் தேங்கியிருப்பதையும் கண்டு திகைத்து நிற்கிறாள். மூன்று கோடைகளாகக் காடு காடாக அலைந்து அள்ளிய நானூறு குப்பி மண் அதில்தான் இருந்தது. அந்த மண்ணுக்குள் கண்ணில் படாமல் வாழும் பூஞ்சைகள் எத்தனை வகை என்பதை அவற்றின் டிஎன்ஏவைப் படித்துத்தான் சொல்ல முடியும். மண் இளகினால் அதுவும் சிதைந்துபோகும். பின்கதவு வழியே குளிர் வீசுகிறது. எட்டிப் பார்க்கிறாள். முற்றத்துப் பனியில் குப்பிகள் தட்டுத் தட்டாக, எண் வரிசைகூட மாறாமல் நிற்கின்றன. பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கூடத்தைத் துப்புரவு செய்யும் பெண்மணி துடைப்பத்தால் ஒரு காக்கையை விரட்டுகிறாள்.

"ஆறு மணிக்கு வந்தேன், பெட்டி செத்துக் கிடந்துச்சு. மேனேஜர் போனை எடுக்கல. வெளிய மைனஸ் இருபது, இதைவிட நல்ல பெட்டி ஏதுன்னு எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துட்டேன்."

மாரிகா ஒரு குப்பியை எடுத்துக் குலுக்குகிறாள். மண் கூழாங்கல்லாகக் கடகடக்கிறது.

"மூணு மணி நேரமா இங்கயேவா இருக்கீங்க?"

"ஆயுசு பூரா மண்ணைக் கூட்டித் தள்ளினவ நான். காவல் காத்தது இன்னிக்குத்தான்."

மாரிகா பனியில் மண்டியிட்டு, சிவந்து கன்றிய அந்தக் கைகளைப் பொத்தி மூச்சால் ஊதுகிறாள். நன்றி சொல்ல வாயெடுக்கிறாள். பெயர் வரவில்லை.

"மன்னிச்சுக்குங்க, உங்க பேரு...?"

"ஹெல்வே. இன்னும் கொஞ்சம் ஊதும்மா, சுகமா இருக்கு."