கைக்கெட்டும் குழாய்

"அம்மாவுக்கா சார்?" என்று கேட்டாள் கடைப்பெண், குளியலறைச் சுவரில் பொருத்தும் கைப்பிடிக் கம்பியை எடுத்துக் காட்டியபடி.

"இல்லம்மா, எங்க வீட்டுக்குத்தான்" என்றான் கர்ட். பக்கத்தில் நின்ற ரோண்டாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் இருப்பதே புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். போன வருஷம் வாசல் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள் அவள்தான்.

அதெல்லாம் பழைய கதை. ஊன்றுகோலைப் பரணில் போட்டு எத்தனையோ மாசமாயிற்று. இப்போதெல்லாம் மாடிப்படியில் அவள் முன்னால் ஏறுகிறாள், அவன்தான் பின்னால் வருகிறான். அப்படிப்பட்டவளைக் கிழவிக் கணக்கில் சேர்த்துவிட்டானே பாவி என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் கண் வைத்திருந்தது மழை மாதிரி மேலிருந்து கொட்டும் பெரிய பித்தளை ஷவர் மேல். அவன் தள்ளுவண்டியில் போட்டதோ நீளக் குழாய் வைத்த கைஷவர், சுவரோடு மடக்கும் பலகை இருக்கை, வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ். வீட்டிலேயே ஆஸ்பத்திரி தொடங்கப் போகிறாயா என்று கேட்டுப் பார்த்தாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பில் போடப் போனான்.

மறுநாளே சம்மட்டி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கையில் ஒயினோடு கழுத்தளவு வெந்நீரில் கிடப்பாளே, அந்தக் குளியல் தொட்டி துண்டு துண்டாகி வாசல் பனியில் போய் விழுந்தது. அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள்.

அவர்கள் ஊரான மானிடோவாக்கில் யாரும் இதற்கெல்லாம் ஆள் வைப்பதில்லை. கர்ட்டும் கூரை மாற்றியது, வராந்தா கட்டியது எல்லாமே தன் கையால்தான். பக்கத்தில் போனால் கூடத் திட்டுவான். இந்தத் தடவை என்னவோ அவள் கையில் டைல்ஸ் கலவை பூசும் பல்லுக் கரணையைத் திணித்தான்.

"நீ ஒட்டு. நான் சொல்றேன்" என்றான்.

முதலில் முறைத்தாள், பிறகு ஒட்டினாள். கலவையை இழுத்து வரிவரியாகக் கீறி, டைல்ஸை வைத்து அழுத்தி, ரசமட்டம் பிடித்துப் பார்த்து, இரண்டு சுவர் முடிவதற்குள் கை பழகிவிட்டது. அவன் எடுத்துக் கொடுப்பதோடு சரி. அதிலும் பாதி கை நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. காலையிலேயே பீரா என்று கேட்டாள்; அவன் சிரித்து மழுப்பினான்.

குழாய் வைத்த இடம்தான் கூத்து. ஷவர் ஒரு சுவரில், அதைத் திறக்கும் திருகு எதிர்ப்பக்கம், குளியலறை வாசலோரத்தில். இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எட்டவே எட்டாது. புத்தி பேதலித்துவிட்டதா என்று அவள் கேட்டதற்கு, அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான்.

இடுப்பை விட அவளுக்கு வலித்தது வேறொன்று. வெள்ளிக்கிழமை என்றால் வறுத்த மீனைத் தின்றுவிட்டு, ஊர்க்கூடத்தில் விளக்கணைக்கும் வரை போல்கா நடனம் ஆடுவது அவர்கள் வழக்கம். இடுப்பு சரியானதும் கூப்பிடுவான், கூப்பிடுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கூப்பிடவே இல்லை. நொண்டிப் பெண்டாட்டியோடு ஆட வெட்கப்படுகிறான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள்.

கடைசி டைல்ஸ் காய்ந்த பிறகு, திருகுக்குக் கைப்பிடியையும் அவளையே மாட்டச் சொன்னான். திறந்து பார், உன் மேலே தெறிக்கிறதா என்று கேட்டான். வாசலில் நின்றபடி அவள் திறந்தாள். தண்ணீர் நேராக இருக்கை மேல் கொட்டியது. அவள் மேல் ஒரு சொட்டு கூட விழவில்லை.

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டான் கர்ட்.

அந்தப் பெருமூச்சில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

"ஓ, இதுதான் சங்கதியா? என்னை உள்ள உக்கார வச்சுட்டு, சட்டை நனையாம நீ வெளியில நின்னு குளிப்பாட்டப் போற. நான் என்ன செத்தா போயிட்டேன்? உனக்கு நான் பாரமாயிட்டேன்னா வாயத் தொறந்து சொல்லிடு கர்ட், எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். உன் கையால குளிச்சுத்தான் நான் உயிர் வாழணும்னு இல்ல."

கர்ட் அவளைத் தாண்டி உள்ளே போனான். போட்டிருந்த உடுப்போடு தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த இருக்கையில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியை இடது கையால் பற்றிக்கொண்டான். வலது கையை அவள் முன்னால் தூக்கி, முஷ்டி பிடிக்கப் பார்த்தான். விரல்கள் பாதி வளைந்து அப்படியே நின்றுவிட்டன.

"டாக்டர் சொல்லிட்டாரு, இது இனிமே மடங்காதாம், ரோண்டா. கோடைக்குள்ள காலும் போயிடுமாம்."

அவள் தண்ணீரை மூடக்கூட மறந்து நின்றாள்.

"நீதான்டி என்னைக் குளிப்பாட்டணும்."