பருவை எண்ணும் தையற்காரர்

ஐம்பத்தெட்டு வயதில் தையற்காரருக்கு முகத்தில் பரு வந்தது. தினமும் கண்ணாடி முன் நின்று அதைத் தடவிச் சிரித்துக்கொண்டார். மனைவிக்குச் சந்தேகம்.

“யாருக்காக இந்தச் சிரிப்பு? வியாழக்கிழமையானா கடையையும் பூட்டிடுறீங்க. நான் வாங்கித் தந்த களிம்பு எங்கே?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“ஏன், அவளுக்குப் பரு பிடிச்சிருக்கோ?”

அவர் நூல்கண்டுப் பெட்டியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

“நுரையீரல்ல புற்றுநோய்க் கட்டி. வளரு வளருன்னு அதுக்குப் போற கட்டளையை இந்த மாத்திரை தடுக்குதாம். தோலுக்கும் அதே கட்டளைதான், அதையும் தடுக்கிறதால பரு வருமாம். வந்தா மருந்து பிடிக்குதுன்னு நம்பலாம்னு வியாழக்கிழமைதோறும் நான் பார்க்கிற டாக்டர் சொன்னார்.”

அவள் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“அசையாதீங்க. நேத்து எத்தனை?”

“ஒன்பது.”

“இன்னைக்குப் பதினொண்ணு. காதுக்குப் பின்னால இருக்கிற ரெண்டை நீங்க பார்க்கவே இல்ல.”