ஆண்களுக்குக் கோப்பு இல்லாத இடம்

டாக்டர் ‘குழந்தையின்மை’ என்று மட்டும் எழுதி முடித்திருந்தார். யாரால் என்று எழுதவில்லை. அப்படி வருகிற கோப்புகளுக்கெல்லாம் குறை பெண்ணிடம் என்று பொருள்படும் நோய்க்குறியீட்டைப் போட்டுவிடுவது அந்த மகளிர் மருத்துவமனையின் வழக்கம். கணவனின் பரிசோதனை முடிவையும் மனைவியின் கோப்பில்தான் செருகி வைப்பார்கள்.

“குறை இவருக்குன்னு டாக்டர் வாயாலயே சொன்னாங்க. அதைப் போடுங்க,” என்றாள் கோமளா, பக்கத்தில் நின்ற கணவனைக் காட்டி.

“பேஷண்ட் நீங்கதானேம்மா,” என்றாள் ஜன்னலுக்கு உள்ளே கம்ப்யூட்டரில் குறியீடு போடும் ரெஜினா.

மாமியார் சிரித்தாள். “கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, இன்னும் என்னடி வழக்கு? இந்தப் பேப்பரைக் காட்டித்தான் என் புள்ளைக்கு வேற பொண்ணு கேக்கப் போறேன்.”

கணவன் தணிகைவேல் சுவரில் மாட்டியிருந்த கருப்பைப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்னபோது அவனும் அந்த அறையில்தான் இருந்தான்.

“அப்போ இவர் பேர்ல ஒரு ஃபைல் போடுங்க.”

“லேடீஸ் ஆஸ்பத்திரிம்மா இது.” ரெஜினா கொஞ்சம் யோசித்தாள். “சார் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா, டாக்டரைத் திருத்தி எழுதச் சொல்லலாம்.”

ஜன்னல் வழியே ஒரு தாளும் பேனாவும் வந்தன. கோமளா பேனாவை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள்.

“அதைத் தொட்டே, உனக்கு அம்மான்னு ஒருத்தி இல்ல,” என்றாள் மாமியார்.

தணிகைவேல் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“அங்க போய் ஒளியுதா கை?” என்றாள் கோமளா, சத்தமாகவே. வரிசையில் வயிற்றைத் தாங்கி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அவன் பக்கம் திரும்பினார்கள். அவள் நீட்டிய கையை இறக்கவில்லை.