பெயர் சொல்லாத உதாரணம்

"பாஸ்டரே, நீங்க சொன்ன அந்தக் குடிகாரன் எங்க நைனாவா?" போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிறுமி பேபி கேட்டது இன்னும் பாஸ்டர் ஜேம்ஸின் காதில் நிற்கிறது. அவளுடைய அம்மா கன்னியம்மா, குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடக்கும் கணவனுக்காக ஜெபிக்கச் சொல்லி அவரிடம் தனியாக வந்து அழுததை, பெயரை மட்டும் விட்டுவிட்டு அவர் பிரசங்கத்தில் உதாரணமாக்கிவிட்டார். கூம்பு ஒலிபெருக்கி அதை மண்ணூர்பேட்டைத் தெரு முழுக்கக் கொண்டுபோனது. இன்று கன்னியம்மாவும் பேபியும் வரவில்லை. சபையின் தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று சத்தமிடுகிறது. பாட்டு முடிந்து கஞ்சிரா ஓய்ந்துவிட்டது. ஜேம்ஸின் விரல்கள் வேதாகமத்தின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

"இன்னா பாஸ்டரே, மைக்க மொறச்சிக்கினு நிக்கிறீங்க? ஆரம்பிங்க," என்கிறார் முன்வரிசை அப்பாவு.

"போன வாரம், குடிச்சிட்டுச் சாக்கடையில கெடந்தவனப் பத்திச் சொன்னேனே," ஜேம்ஸ் வேதாகமத்தை மூடி வைக்கிறார். "அப்படிக் கெடந்தவன் நான்தான்."

அது பொய்யில்லை. ஞானஸ்நானத்துக்கு முந்தைய அந்த நாட்களை ஒன்பது வருடமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அட, நம்ம பாஸ்டரா!" என்று யாரோ சிரிக்க, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சபை முழுக்கச் சிரிப்பு பரவுகிறது. அது அடங்கும்வரை ஜேம்ஸ் வியர்த்து நிற்கிறார். எந்தக் குடும்பத்தின் மானத்துக்காக அதைச் சொன்னார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.