பன்னிரண்டாவது வீடு

“அடடா, இப்பதான் சார்… ஒரு மணி நேரம் முந்திதான் ஒருத்தருக்கு விட்டுட்டோம்.”

அப்பாவின் குரலில் வருத்தம் சரியான பதத்தில் இருந்தது. போன வருடம் இந்த வெளிநாட்டில் பதினோரு வீட்டு வாசலில் நின்று கேட்ட வருத்தம். பதம் தப்புமா?

மாடி அறையைப் பார்க்க வந்தவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். வேறு கண்டத்துக்காரர். அப்பாவே கறுப்பு, இவர் அப்பாவைச் சிவப்பாக்கிக் காட்டும் கறுப்பு.

கேட்காமலே ஷூவைக் கழற்றியிருந்தார். இப்போது குனிந்து மறுபடி மாட்டினார். நாடாவை முடிய நேரம் எடுத்தது.

அதற்குள் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. மாடிப்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

பத்து வயது. விரலில் அறைச் சாவி சுழன்றது. வருகிறவருக்குத் திறந்து காட்டு என்று அப்பாதான் கொடுத்து வைத்திருந்தார், வருகிறவர் யாரென்று பார்ப்பதற்கு முன்னால்.

அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் ‘இப்பதான் விட்டுட்டோம்’ என்று கேட்டுவிட்டுத் தெருமுனைக்கு வருவார்கள். அதற்கென்றே வாங்கிய இன்னொரு சிம்மைப் பழைய போனில் போட்டு, அம்மா இந்த ஊர்க்காரி மாதிரி மூக்கால் பேசி, வீடு காலியா என்று கேட்பாள். காலிதான், வாங்க என்பார்கள். அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பாடம் நடத்துவார்.

“பாத்துக்கோ கண்ணு. ஆளைப் பாத்துக் கதவைச் சாத்துறவன் மனுஷனே இல்ல.”

அலுத்துப்போய்த்தான் சொந்த வீடே வாங்கினார்கள்.

எக்ஸ்ரேக்காரர் நன்றி சொல்லிவிட்டு வாசற்படி இறங்கினார். நன்றி சொல்லாமல் போயிருக்கலாம்.

மகள் கேட்டிருந்தால் பதில் இருந்தது. அக்கம்பக்கம் என்ன சொல்லும், பெண்பிள்ளை இருக்கிற வீடு, அம்மா வேறு பாதி நாள் வேலைக்குப் போய்விடுகிறாள் என்று மூன்று தயாராக வைத்திருந்தார். அவள் சாவியை ஆணியில் மாட்டினாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னப் பிள்ளை, மறந்துவிடும். அப்பா மூச்சு விட்டார். அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

போன் அடித்தது. தெரியாத எண்.

இளம்பெண் குரல். விளம்பரத்தைப் பார்த்தாளாம். அசல் இந்த ஊர் உச்சரிப்பு. அம்மாவுடையதைப் போல ஒட்டவைத்ததல்ல. இங்கேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்த சுத்தம். அப்பாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அறை காலியா?

“காலிதாம்மா! இப்பவே வேணும்னாலும் வந்து பாருங்க.”

மறுமுனையில் சத்தமில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது.

காதிலிருந்த போனுக்குள்ளும் அடித்தது.

அப்பா போனை இறக்கவில்லை. இறக்கினால் அந்தக் கதவு திறந்துவிடும்.