விம்பிள்டன் மந்திரிசபை

“தம்பி, உள்நாட்டுப் பிரதிநிதி எண்டால் சும்மா பதவியே? மந்திரியை விடப் பெரிசு!”

தில்லையம்பலம் சொன்னதும் கிறிஸ்துராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுடைய அக்கா இம்மாகுலேற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வருடம் 1988. யாழ்ப்பாணத்தில் இந்திய ராணுவம். விம்பிள்டனில், தில்லையம்பலம் வீட்டு முன்னறையில், நாடு கடந்த தமிழ் அரசு. அவர் பிரதமர். செல்வரத்தினத்துக்கு நிதி, தியாகராஜாவுக்கு வெளிநாடு. அந்த இரண்டு இலாகாவுக்கும் மூன்று கூட்டம் நடத்திச் சண்டை. ஊருக்குத் திரும்பிப்போய் இருக்கிற உள்நாட்டுப் பிரதிநிதி பதவிக்கு மட்டும் போட்டியே இல்லை.

“ஏன் அண்ணை, நீங்கள் போகலாமே?” என்றாள் இம்மாகுலேற்.

“போகலாம் பிள்ளை. பிரஷர் விடுகுதில்லை.”

“செல்வரத்தினம் அண்ணை?”

“கடையை ஆர் பாக்கிறது?” என்றார் செல்வரத்தினம்.

“அப்ப சாகிறதுக்கு என்ரை தம்பிதான் கிடைச்சவன்!”

“அக்கா, நீ சும்மா இரு,” கிறிஸ்துராஜா சீறினான். “திங்கட்கிழமை அகதி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிறன். சொந்த நாட்டுக்கெண்டு நிக்கிறவைக்கு வெள்ளைக்காரன்ரை தயவு ஏன்?”

“அப்பிடிச் சொல்லு!” மேசையில் ஓங்கித் தட்டினார் தியாகராஜா.

வாபஸ் வாங்கிவிட்டால் திரும்பி வர வழியில்லை. இம்மாகுலேற் மூன்று வாரமாக அழுதும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்; இப்போது வக்கீல் அலுவலகம் ஒன்றில் வேலை. அவள் எதைச் சொன்னாலும் படித்த திமிர் என்று பெயராகிவிட்டது.

“சரி, பதவி ஏற்பம்,” என்று எழுந்தார் தில்லையம்பலம். “பிள்ளை, நீர் சொலிசிற்றர் கந்தோரிலை சத்தியக்கடதாசி அடிக்கிறனீர்தானே? சத்தியத்தை நீரே சொல்லித் தாரும். இங்கிலீசிலை சொல்லும், பேப்பர்காரருக்கும் விளங்கவேணும்.”

இம்மாகுலேற் எழுந்து அவர்கள் முன்னால் வந்தாள்.

“ஓம் அண்ணை, சொல்லுறன்.”

இவ்வளவு லேசில் இணங்குவாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நாலு பேரும் வரிசையாக நின்று வலக்கையை உயர்த்தினார்கள். அவள் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“எல்லாம் வல்ல இறைவன்மேல் ஆணை…”

திருப்பிச் சொன்னார்கள்.

“நான் விசுவாசமாகவும், உண்மையான பற்றோடும் இருப்பேன்…”

அதையும் சொன்னார்கள். அவள் நிறுத்தினாள். கிறிஸ்துராஜா அடுத்த சொல்லுக்காகக் காத்து நின்றான். மற்ற மூவரும் நிற்கவில்லை.

“…மாட்சிமை தங்கிய மகாராணிக்கும், சட்டப்படி அவருடைய வாரிசுகளுக்கும்!” என்று ஒரே குரலில் முடித்தார்கள்.

முடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கிறிஸ்துராஜாவின் கை மெல்ல இறங்கியது. “அக்கா, இது என்ன சத்தியம்?”

“பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்கிறவை செய்யிற சத்தியம், தம்பி. நான் பாதிதான் சொன்னனான். மிச்சம் உன்ரை மந்திரிமாருக்கு மனப்பாடம்.”