குளத்து ராஜாவின் மீசை

வாத்துக்கு மீசை வரைந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்து உள்ளே தள்ளும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று போஸ்டர்க்காரர் சபதம் செய்தார். உடனே அவர் மனைவி அவர் கையிலிருந்த காப்பி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அனிமேஷன் படங்களுக்குப் போஸ்டர் வரைவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை முதன்முதலில் சொன்னவரும் அவர்தான். அவர் வரைந்தால் யானை பறக்கும். படத்தில் அது நடக்கவே நடக்காது என்பது வேறு விஷயம். படத்தைப் பார்த்துவிட்டு வரைவது கற்பனைக்குக் கேடு என்பது அவர் கட்சி. படத்தின் பெயரைச் சொல்லி, கதாநாயகனின் முகத்தைக் காட்டினால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

இந்த முறை படத்தின் பெயர் 'குளத்து ராஜா'. கதாநாயகன் கொழுகொழுவென்று ஒரு வாத்து. தலையில் கிரீடம் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணில் கொஞ்சம் கர்வத்தையும் ஏற்றி வரைந்து ஊரெல்லாம் ஒட்ட வைத்துவிட்டார். ஒட்டிய பசை காய்வதற்குள் கடைத்தெரு வாத்துக்கு மீசை முளைத்துவிட்டது. ஏனோதானோ மீசை இல்லை. அலகுக்கு மேலே தொடங்கி இரண்டு கன்னத்திலும் சுருண்டு ஏறிய மீசை. மறுநாள் ரயிலடி வாத்துக்கு முளைத்தது. அதற்கடுத்து ஆஸ்பத்திரி மதில் வாத்துக்கு.

ஜனங்கள் நின்று சிரித்தார்கள். தயாரிப்பாளர் சிரிக்கவில்லை. இப்படிக் கேலிக்கூத்தான போஸ்டரை வைத்துக்கொண்டு படத்தை யார் தலையில் கட்டுவது என்று கேட்டவர், இந்த வாரத்தோடு இது நிற்காவிட்டால் அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அந்த வேறு ஆள் யாரென்று யாரும் சொல்லத் தேவையில்லை. மச்சான்தான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இவரிடமே தொழில் கற்று, இவர் வீட்டிலேயே சாப்பிட்டு, இப்போது அதே தயாரிப்பாளரின் அலுவலகத்தில் கால்மேல் கால் போட்டுக் காத்திருக்கிறவன்.

"இந்த மீசையால வேற யாருக்கு லாபம், சொல்லு?" என்று மனைவியைக் கேட்டார்.

"என் தம்பிக்கு நேரா ஒரு கோடு இழுக்க வராதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்க," என்றாள் அவள். "அந்த மீசையைப் போய்ப் பாருங்க. எவ்வளவு லட்சணமா இருக்கு."

போய்ப் பார்த்தார். லட்சணமாகத்தான் இருந்தது. எல்லா வாத்துக்கும் ஒரே வளைவு, ஒரே கனம். கிரீடத்தில் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்ததோ, அதே பக்கமிருந்து மீசைக்கும் ஒரு மினுக்கு வைத்திருந்தான் படுபாவி. வழியில் போகிறவன் கிறுக்கியது இல்லை இது, தொழில் தெரிந்த கை. அப்படியானால் தன்னிடம் கற்றுக்கொண்ட கைதான் என்று முடிவு கட்டினார். இவ்வளவு நன்றாகவா சொல்லிக்கொடுத்தோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ் நிறுத்தத்து வாத்து மட்டும் இன்னும் மழமழவென்று நின்றது. விடிந்தும் விடியாத வேளையில், எதிரே மூடிக்கிடந்த பெட்டிக்கடைக்குப் பின்னால் போஸ்டர்க்காரர் போய்க் குந்தினார். பால் வண்டி போனது. பேப்பர் போடுகிறவர் போனார். பிறகு தலையில் குல்லாயும் கையில் கறுப்புப் பெயிண்ட் டப்பாவுமாக ஓர் உருவம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகப் பெஞ்சின்மேல் ஏறியது.

சாட்சிக்கு இருக்கட்டும் என்று வலது மீசை முடியும்வரை பொறுத்திருந்தவர், ஒரே பாய்ச்சலில் சட்டைக் காலரைப் பிடித்தார். திருப்பிப் பார்த்தால் மச்சான் இல்லை. கண்ணாடி போட்ட, ஒல்லியான, நடுவயதுக்காரர் ஒருவர். கூலிக்கு வைத்த ஆள் என்று போஸ்டர்க்காரர் புரிந்துகொண்டார்.

"என் மச்சான் எவ்வளவு குடுத்தான்?"

அந்த ஆளுக்கு எந்த மச்சானையும் தெரியவில்லை. ஓடவும் பார்க்கவில்லை. எங்கே கூப்பிட்டாலும் வருவதாகவும், இடது பக்கம் பாக்கி இருப்பதால் அதை மட்டும் முடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அந்தத் திமிருக்காகவே அவரைத் தரதரவென்று போலீஸ் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார் போஸ்டர்க்காரர்.

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை முடித்துக்கொண்டு விசாரித்தார். போஸ்டர்க்காரர் மடை திறந்தார். பொதுச்சுவரைப் பாழாக்கியது, ஒரு கலைஞனின் படைப்பைக் கெடுத்தது, அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டது என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

"வாத்துக்கு மீசை வரையறதுல உமக்கு என்னய்யா கிடைக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த ஆள் விரலில் இருந்த கறுப்பைக் குல்லாயில் துடைத்துக்கொண்டார்.

"சார், அந்தப் படத்தோட டைரக்டர் நான்தான். ஒருநாள் காலையில அந்த வாத்துக்கு மீசை முளைச்சிடுது. மீசையைப் பார்த்து மத்த வாத்தெல்லாம் அதை ராஜாவாக்கிடுது. அதுதான் சார் மொத்தக் கதையும். இவர்கிட்ட போனது முதல் காட்சியோட படம், அதுல இன்னும் மீசை வரல. வந்து ஒரு தடவை படத்தைப் பாருங்கன்னு ஆள்மேல ஆள் விட்டோம், வரமாட்டேன்னுட்டார். தயாரிப்பாளர்கிட்ட சொன்னா இவர் வேலை போயிடும். நல்லவேளை, அவரும் இன்னும் படத்தைப் பாக்கல. அதுக்குள்ள நானே வரைஞ்சு சரிபண்ணிடலாம்னு பார்த்தேன்."

போஸ்டர்க்காரர் புகார் எழுதிய தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"எழுதினதெல்லாம் அப்படியே இருக்கட்டும்யா," என்றார் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தவரிடம், "ரெண்டு பேர் பேரை மட்டும் இடம் மாத்திப் போட்டுடு."